ஒரே பட்டன் டார்ச்

எங்கள் காவல் முகாமில் பின் பாரா என்றால் அது ஆண்களுக்கு. பாரா என்பது துப்பாக்கியோடு நின்று காவல் காக்கும் முறை. வில்லியனூரைத் தாண்டி, கரும்பு வயல்களை ஒட்டினாற்போல் ஓர் அரசுக் கிடங்கு இருக்கிறது, அதன் வளாகத்திலேயே எங்கள் முகாம். தேர்தல் முடிந்த பிறகு வாக்கு இயந்திரங்களை அதில் அடுக்கி, கதவைப் பூட்டி, பூட்டின்மேல் அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போவார்கள். அதைக் காப்பது நாங்கள். முன்வாசலில் ஒருவர், பின்வாசலில் ஒருவர். முன்வாசலில் விளக்கு, மின்விசிறி, பிளாஸ்டிக் நாற்காலி, வருகைப் பதிவேடு எல்லாம் உண்டு. வருகிற ஆட்கள்தான் கிடையாது. பெண் காவலர்களை அங்கேதான் போடுவார்கள்.

பின்வாசல் அப்படி அல்ல. கிடங்குக்கும் மதிலுக்கும் நடுவே நீளமான சந்து அது. மேலே தகரக் கூரை போட்டிருப்பதால் வெளியே மாலை வெயில் இருக்கும்போதே உள்ளே இருட்டிவிடும். ஒரு காலத்தில் அங்கே விளக்கு எரிந்ததற்கு அடையாளமாக ஒரு ஹோல்டர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் விளக்குப் போடும்படி நான் எழுதிக் கொடுத்தேன். அது மின்பிரிவு பார்க்க வேண்டிய வேலை என்றார்கள். மின்பிரிவில் போய்க் கேட்டால், உங்கள் மேலிடத்திலிருந்து சொல்லட்டும் என்றார்கள். அதோடு அது நின்றது.

பின் பாரா நிற்கிறவர் சந்தின் கடைசி வரை நடந்து, பூட்டில் வெளிச்சம் அடித்து, முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். எங்கள் ஆண் காவலர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் ரைபிளைப் பிடித்தபடி நடப்பார்கள். வெளிச்சம் பூட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் விழும். பூட்டுக்கு நேராக வந்ததும் இடுப்பை வளைத்து, உடம்பையே திருப்பி, வெளிச்சத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்கோ சுளுக்கு எடுப்பது போல இருக்கும்.

எனக்கும் பின் பாரா வேண்டும் என்று முகாம் பொறுப்பாளரிடம் கேட்டேன். அவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த உதவி ஆய்வாளர். கெட்டவர் இல்லை. பெண் பிள்ளைகளுக்குக் கஷ்டம் கொடுக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எங்களுக்கு வரவேண்டியதையெல்லாம் தடுத்துக்கொண்டிருந்தவர்.

"ஒரு கையில டார்ச்சு, ஒரு கையில ரைபிளு. உன்னால தாங்க முடியுமாமா? ஆம்பளைங்களே கக்கத்துல வெச்சிக்னு அல்லாடறானுங்க," என்றார்.

"கையில வெச்சாத்தான சார் கஷ்டம். ரைபிள்லயே மாட்டிட்டா?"

"படிச்ச புள்ள இல்ல," என்றார். "அதான் யோசன வருது."

இந்தப் "படிச்ச புள்ள"யை அவர் பாராட்டாகவும் சொல்வார், குத்தலாகவும் சொல்வார். எனக்கு இரண்டும் ஒன்றுதான். உறுவையாறு கிராமத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இயற்பியலில் பட்டம் வாங்கினேன். தேர்வு எழுதி, ஓடி, தாண்டி, காக்கிச் சட்டை போட்டேன். பயிற்சியில் இதே ரைபிளைத் தூக்கிக்கொண்டுதான் ஆண்களோடு ஓடினேன். அப்போது யாரும் தாங்குமா என்று கேட்கவில்லை.

பின் பாராவை நான் விடாமல் கேட்டதற்கு வீம்பு மட்டும் காரணமில்லை. ஆயுதப் பயிற்சியாளர் வகுப்புக்கு முகாமிலிருந்து பெயர் அனுப்புவார்கள். முன், பின் இரண்டு பாராவும் நின்றவர்களின் பெயர்தான் போகும். முன்வாசலில் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தால் நான் எத்தனை வருஷம் ஆனாலும் உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான்.

பொறுப்பாளர் மேலிடத்தில் பேசினார். ஒரே ஒரு ரைபிளில் மாட்டிப் பார்க்கலாம், அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று வாய்மொழியாக அனுமதி வந்தது. டார்ச்சைத் தேர்ந்தெடுக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். கூடவே, "கடைக்கு ஒரு ஆம்பள கூடப் போவட்டும்," என்று மூத்த காவலர் ஒருவரையும் அனுப்பினார். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் பைக்கில் திருக்கனூர் போனோம். அங்கே மோட்டார் ஸ்டார்ட்டர், ஒயர், டார்ச் எல்லாம் விற்கிற கடை ஒன்று உண்டு. தண்ணீர் பாய்ச்சப் போகும் விவசாயிகள் டார்ச் வாங்குவது அங்கேதான்.

கடைக்காரர் அண்ணனைப் பார்த்துக் கேட்டார். "சாருக்கு இன்னா வேணும்?"

"மேடத்தக் கேளுங்க. நான் வண்டி ஓட்டியாந்தவன்," என்றார் அண்ணன்.

"ரைபிள்ல மாட்டறதுக்கு டார்ச்சு வேணும். கெட்டியா இருக்கணும்," என்றேன்.

கடைக்காரர் மறுபடியும் அண்ணனிடமே திரும்பினார். "ரைபிளுக்கா சார்? அப்ப பெருசாவே பாத்துருவோம்." முழங்கை நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் டார்ச்சைத் தூக்கி மேஜையில் வைத்தார். அதை முனையில் மாட்டினால் துப்பாக்கி தரையைத்தான் பார்க்கும். அடுத்து, தலையை முன்னும் பின்னும் இழுத்து வெளிச்சத்தைக் குவிக்கிற ஜூம் டார்ச். அதில் அஞ்சு மோடு. பட்டனை அழுத்த அழுத்தப் பிரகாசமாக, மங்கலாக, விட்டுவிட்டு, அடுத்து சிவப்பும் நீலமுமாகச் சுழன்று, கடைசியில் வெறும் சிவப்பாக எரிந்தது.

"போலீசுக்குன்னே செஞ்சது சார்," என்றார் அண்ணனிடம்.

"எனக்கு ஒரே மோடு இருக்கறது வேணும்," என்றேன்.

அப்போதுதான் அவர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். "இன்னாமா நீ. அஞ்சு குடுத்தா வேணாங்கற."

நான் விளக்கினேன். சுடும்போது ரைபிள் பின்னால் உதைக்கும். அந்த உதையில் உள்ளே இருக்கிற செல் ஸ்பிரிங்கைவிட்டு ஒரு நொடிகூட இல்லை, கண் சிமிட்டும் நேரம் விலகும். மின்சாரம் அறுந்து திரும்ப வரும். டார்ச்சுக்கு அது பட்டனை அழுத்தியது மாதிரி. உடனே அடுத்த மோடுக்குப் போய்விடும். ஒரு வேட்டு சுட்டால் மங்கும், இரண்டாவதில் மினுக்கும், மூன்றாவதில் திருவிழா சீரியல் லைட். மோடே இல்லாவிட்டால் மாறுவதற்கு ஒன்றும் இல்லை. அதோடு செல்லின் இரண்டு முனையிலும் ஸ்பிரிங் இருக்க வேண்டும், உதை எந்தப் பக்கம் வந்தாலும் தாங்கும்.

கடைக்காரர் கேட்டுவிட்டு அண்ணனிடம், "மேடம் டீச்சருக்குப் போயிருக்கலாம்," என்றார்.

ஒரு வழியாகப் பின் அலமாரியிலிருந்து தூசி தட்டி ஒன்றை எடுத்தார். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமன், கறுப்பு அலுமினியம், பின்பக்கம் ஒரே ஒரு பட்டன். திருகிப் பார்த்தேன். மரை ஆழமாக இருந்தது, ரப்பர் வளையம் புதிதாக இருந்தது, இரண்டு முனையிலும் ஸ்பிரிங்.

"இத யாரும் வாங்க மாட்டாங்கமா. எரியும், அணையும். அவ்ளோதான்."

"அதான் எனக்கு வேணும்," என்றேன்.

ஆனால் சொல்லி மட்டும் பொறுப்பாளரை நம்ப வைக்க முடியாது என்று தெரியும். அதனால் அந்த ஜூம் டார்ச்சையும், பக்கத்தில் சார்ஜ் ஏற்றும் ஓட்டை வைத்த இன்னொன்றையும் சேர்த்து என் பணத்திலேயே வாங்கினேன்.

மறுநாள் விடுமுறை. வீட்டுக் கொல்லையில் அப்பாவின் கடப்பாரையை எடுத்து, ஜூம் டார்ச்சைச் சைக்கிள் டியூப் பட்டையால் அதில் இறுக்கிக் கட்டினேன். எரியவிட்டு, காய்ந்த களிமண்ணில் ஓங்கிக் குத்தினேன். முதல் குத்தில் மங்கலானது. இரண்டாவதில் விட்டுவிட்டு எரிந்தது. மூன்றாவதில் தலை உள்ளே போய்ச் சிவப்பு நீலம் சுழன்றது. நான் கடையில் சொன்னதற்கு ஒரு வரிகூட மாறவில்லை.

அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டே பார்த்தாள். "சம்பளத்தப் போட்டு வாங்கியாந்து ஏன்டி குத்தி ஒடைக்கற?"

"ஒடையுதான்னு பாக்கறம்மா."

"ஒடையும்னு தெரியாதா? கடப்பாரையில கட்டிக் குத்துனா ஒடையாம இன்னா பண்ணும். இதுக்கா காலேஜு போன?"

சார்ஜ் ஓட்டை வைத்ததைத் தண்ணீர் வாளியில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்குள் ஆவி படிந்தது. ஒரே பட்டன் டார்ச்சைக் குத்தினேன், வாளியில் போட்டேன், எடுத்து மறுபடி குத்தினேன். கை கொப்பளித்ததுதான் மிச்சம், வெளிச்சம் ஆடவே இல்லை. அப்பா வந்து, தலை உள்ளே போன ஜூம் டார்ச்சை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத நான் தண்ணி பாய்ச்ச வெச்சிக்கறேன். கலர் கலரா எரிஞ்சா பாம்புகூட ஓடிப்பூடும்," என்று வாங்கிக்கொண்டார்.

முகாமுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பொறுப்பாளர் முழுவதும் கேட்டார்.

"செவப்பு நீலம் வர்றத இன்னாத்துக்குமா வுட்ட? போலீசுன்னா அதுதான அழகு," என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வில்லியனூர் லேத்துப் பட்டறையில் இரும்புக் கிளாம்ப் செய்து வாங்கி, உள்ளே டியூப் ரப்பர் வைத்து, ஒரே பட்டன் டார்ச்சை ரைபிளில் நானே மாட்டினேன். ரைபிளைப் பிடிக்கும் இடது கையின் கட்டைவிரல் பட்டனுக்கு எட்டும்படி வைத்தேன். ஆயுத பூஜை முடிந்த இரண்டாம் நாள் காலை அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது.

ஆயுத பூஜையைப் பொறுப்பாளர் விமரிசையாகச் செய்வார். பாராவில் இருக்கிற துப்பாக்கிகள் போக மற்றவற்றைக் குண்டு இல்லாமல் காலி செய்து, கழுவித் துடைத்து, மேஜைமேல் வரிசையாக வைத்தோம். ஜீப்புக்கு மாலை, முகாம் மணிக்குச் சந்தனம், கணினிக்குக் குங்குமம். டார்ச் மாட்டிய ரைபிள் நடுவில் இருந்தது. அவரே டார்ச்சுக்கும் சுற்றிச் சந்தனம் தடவிப் பொட்டு வைத்தார்.

"எரியவுடு. சாமி மொகத்துல படட்டும்," என்றார்.

அண்ணன் பட்டனை அழுத்தினார். சரஸ்வதி படத்தின்மேல் வெளிச்சம் வட்டமாக விழுந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தீபாராதனை முடிந்து பொரி, சுண்டல் கொடுத்தார்கள். டார்ச் எரிந்துகொண்டே இருந்தது.

"அணச்சுடலாம் சார். சூடாயிடும்," என்றேன்.

"நல்ல நாளும் அதுவுமா வெளக்க அணைக்கறதா?"

"இது வெளக்கு இல்ல சார். டார்ச்சு."

"எரியுது இல்ல? சாமி முன்னால எரிஞ்சா வெளக்குதான். பூஜையில வெச்சத நாளைக்கு மறுபூஜ வரைக்கும் யாரும் தொடக்கூடாது. உங்க வூட்ல சொல்லித் தரலியா?"

எங்கள் வீட்டில் பூஜையில் வைத்தவை மண்வெட்டியும் அரிவாளும். அவை எரிந்து தீர்ந்துபோகிற சாமான்கள் இல்லை. ஒருவகை செல் இருக்கிறது, ஓர் அளவுக்குக் கீழே காலியானால் பிறகு சார்ஜே ஏறாது, அது இந்த டார்ச்சில் இருப்பது என்று சொன்னேன். "சாமிக்குச் செஞ்சது கெட்டுப்போவாது," என்றார். அண்ணனைப் பார்த்தேன். அவர் பொரியைப் பார்த்தார். நான் மேஜைப் பக்கம் ஓரடி வைத்தாலும் பொறுப்பாளர் தொண்டையைச் செருமினார். சாயங்காலம் வரை அந்த அலுமினியம் சூட்டில் சந்தனத்தைக் காயவைத்து உதிர்த்துக்கொண்டிருந்தது. பொழுது சாயும்போது வெளிச்சம் மஞ்சளாகி, சிவந்து, நின்றது.

"பாத்தியா," என்றார் பொறுப்பாளர் நிறைவாக. "தானா மலையேறிச்சு."

மறுநாள் மறுபூஜை முடிந்ததும் செல்லை எடுத்துச் சார்ஜரில் போட்டேன். நான் சொன்னதுதான். ஏறவில்லை. அதிகாரி வருவது அடுத்த நாள் காலை. விஜயதசமி என்பதால் திருக்கனூர் கடை பூட்டு. வில்லியனூரில் திறந்திருந்த கடைகளில் அந்த அளவு செல் இல்லை. டார்ச் எரியாவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். செல் செத்த கதையை யாரும் கேட்கமாட்டார்கள். "அந்தப் பொண்ணு எடுத்த டார்ச்சு எரியல" என்பது மட்டும் நிற்கும். பின் பாராவும் போகும், வகுப்பும் போகும். எனக்குப் பின்னால் கேட்க வருகிற பெண்ணுக்கும் இதையே சொல்வார்கள்.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் அப்பா எடுத்துக்கொண்ட ஜூம் டார்ச் நினைவுக்கு வந்தது. அதிலும் இதே தடிமன் செல்தான். அந்தச் செல்லின் முனை தட்டையாக இருக்கும், ஆனால் என் டார்ச்சில் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் இருப்பதால் எட்டிப் பிடித்துக்கொள்ளும். அப்பா அப்போதுதான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்புக்குக் கிளம்பினார். வாங்கிச் செல்லை உருவினேன்.

"இன்னாம்மா இது, குடுத்தத வாங்கிக்கற," என்றார்.

"சாமி என்னுத காலி பண்ணிடுச்சுப்பா," என்றேன். அவருக்குப் புரியவில்லை. செல்போன் வெளிச்சத்தில் போனார்.

அதிகாரி சொன்னபடி வந்தார். முதலில் சுடும் தளம். ரைபிளால் நான்தான் சுடப்போகிறேன் என்று நினைத்து முன்னால் போனேன். பொறுப்பாளர் கையை நீட்டித் தடுத்து, "நீ டார்ச்சப் பாத்துக்கோ," என்று அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் சுட்டார். ஒவ்வொரு வேட்டுக்கும் என் கண் இலக்குக்குப் போகவில்லை, வெளிச்சத்திலேயே இருந்தது. அது ஒரு முறைகூடச் சிமிட்டவில்லை. கிளாம்ப் ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

"நல்லாருக்கே. யார் தேர்ந்தெடுத்தது?" என்றார் அதிகாரி.

"நாங்கதான் சார். நல்லா அலசிப் பாத்து எடுத்தோம்," என்றார் பொறுப்பாளர்.

அண்ணன் ரைபிளை இறக்கியபடியே, "இந்தப் பொண்ணு கடப்பாரையில கட்டிக் குத்திப் பாத்துச்சு சார்," என்றார்.

"கடப்பாரையா?" அதிகாரி சிரித்தார். சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறினார். அவ்வளவுதான்.

அடுத்தது கிடங்கு. பின் சந்தில் அண்ணன் ரைபிளோடு நடக்க, அதிகாரி பின்னால் போனார். வெளிச்சம் நேராகப் பூட்டில் போய் நின்றது. முத்திரையின் எழுத்துவரை தெரிந்தது. அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். ஹோல்டரைப் பார்த்தார்.

"இங்க ஏன் லைட் இல்ல?"

அவர் போனை எடுத்து யாரிடமோ பேசினார். அதே நாள் மதியம் ஓர் ஆள் ஏணியோடு வந்து எல்.இ.டி. குழல் விளக்கை மாட்டிவிட்டுப் போனார். நான் எழுதிக் கொடுத்து, நடையாய் நடந்தும் வராத விளக்கு ஒரு போனில் வந்தது. சந்து பளிச்சென்று இருந்தது. அதன் நடுவில் நின்றுகொண்டு, கடை கடையாக ஏறியதையும் கொல்லையில் கை கொப்பளித்ததையும் நினைத்தேன்.

பொறுப்பாளர் உற்சாகமாக வந்தார். "இனிமே டார்ச்சு எதுக்கு? கழட்டிக் கொண்டாந்து என் டிராயர்ல வெய்யி."

கழற்றினேன். கிளாம்ப்போடு கொண்டுபோய் டிராயரில் வைத்தேன். பிறகு கேட்டேன். "அப்ப எனக்கு பின் பாரா போடலாம்ல சார். ஒரு கையில டார்ச்சு புடிக்கற வேலதான் இல்லயே."

அவர் டிராயரை மூடினார். திறந்தார். மூடினார். "அங்க கொசு ஜாஸ்திமா."

"முன்னாடியும் அதே கொசுதான் சார். ஆம்பள பொம்பள பாத்தா கடிக்குது."

பக்கத்தில் நின்ற அண்ணன் இருமலில் சிரிப்பை மறைத்தார். பொறுப்பாளர் பாரா பட்டியலை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். அந்த வாரம் பின் பாராவில் என் பெயர் வந்தது.

நான் நின்ற முதல் மாலையே மழை பிடித்தது. தகரக் கூரையில் சத்தம் காதை அடைத்தது. விளக்கு எரியும் நேரத்துக்குச் சரியாகக் கரண்ட் போனது. மழை வந்தால் எங்கள் பக்கம் கரண்ட் போவது புதிதல்ல. விளக்கு மாட்டச் சொன்ன அதிகாரியிலிருந்து கழற்றச் சொன்ன பொறுப்பாளர்வரை அது யாருக்கும் தோன்றவில்லை. இருட்டில் ரைபிளை இரண்டு கையிலும் பிடித்தபடி பூட்டுக்குப் பக்கத்திலேயே நின்றேன். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தேன். இருந்தது.

சந்தின் வாயில் ஒரு வெளிச்சம் ஆடிக்கொண்டு வந்தது. சுவரில், கூரையில், என் முகத்தில், தரையில் விழுந்தது. பொறுப்பாளர். ஒரு கையில் குடை, ஒரு கையில் சாவிக்கொத்து, கக்கத்தில் என் டார்ச்.

"இன்னாமா, பயப்படறியா?"

"இல்ல சார். முத்திர பாக்கணும். பூட்டுல அடிங்க."

அவர் இடுப்பை வளைத்தார். வெளிச்சம் பூட்டைத் தாண்டிப் போனது. இன்னும் வளைத்தார். குடை சுவரில் இடித்தது. "நிக்க மாட்டேங்குது பாரு," என்றார்.

"கழட்டச் சொன்னது நீங்கதான் சார்."

அவர் இடுப்பை நிமிர்த்தினார்.

"அந்தக் கிளாம்ப்பு எங்க?" என்றார்.

"உங்க டிராயர்ல சார். டார்ச்சுக்குப் பக்கத்துலயேதான் வெச்சேன்."

அவரே போய் எடுத்து வந்தார். அவர் வெளிச்சம் பிடிக்க முடியாது, மாட்ட வேண்டியதே அந்த டார்ச்சைத்தான். அதனால் இருட்டிலேயே தடவி மாட்டினேன். மரையில் இன்னும் சந்தனம் ஒட்டியிருந்தது. அழுத்தினேன். பூட்டு தெரிந்தது.

இப்போது அந்த ரைபிள்தான் பின் பாராவுக்கு. யார் நின்றாலும் அதையே கேட்டு வாங்குகிறார்கள். பயிற்சியாளர் வகுப்புக்கு என் பெயர் போயிருக்கிறது, அழைப்பு இன்னும் வரவில்லை. மற்ற முகாம்களிலிருந்து எந்த டார்ச் வாங்குவது என்று போன் வருகிறது. பொறுப்பாளர்தான் பேசுகிறார். "ஒரே மோடு இருக்கறதாப் பாத்து வாங்குங்க. அஞ்சு மோடு ஆவாது. உதைச்சா மாறிடும். ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் இருக்கணும்," என்று, தானே கண்டுபிடித்ததுபோல் நிதானமாகச் சொல்கிறார். முறை வைத்து முன் பாரா வரும் நாட்களில் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆயுத பூஜைக்கு எரியவிடாதீர்கள் என்பதை மட்டும் இதுவரை யாருக்கும் அவர் சொல்லவில்லை.